தீனியைக் குறைத்தால் சதை கரையும்: கார்த்திகை, மார்கழிக் குளங்களுக்கு

கார்த்திகை பிறந்துவிட்டது. மாலை போட்ட வீடுகளில் மீன் சட்டி கவிழ்ந்திருக்கிறது. கெண்டை விலை இறங்கும் மாதம். "தை வரைக்கும் குளத்திலேயே கிடக்கட்டும், உயிரோடு இருந்தால் போதும்" என்று கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்பவர்களில் சிலர் இப்போது தீனியைப் பாதியாக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று சொல்லவே இந்தக் குறிப்பு.

தீனி கிடைக்காத மீன் முதலில் ஈரலில் சேர்த்த சர்க்கரைச் சத்தையும் குடலைச் சுற்றியுள்ள கொழுப்பையும் செலவழிக்கும். அவை குறையக் குறையத் தன் சதையிலேயே கைவைக்கும். சதையில் புரதம் ஒரு பக்கம் கட்டப்பட்டுக்கொண்டும் மறுபக்கம் சிதைந்துகொண்டும் இருப்பது இயல்பு. மீன் தின்றதும் இரத்தத்தில் அமினோ அமிலங்களும் இன்சுலினும் ஏறி அந்தச் சிதைவை அடக்கிவைக்கும். வயிறு காய்ந்தால் அடக்க ஆளில்லை. செல்லுக்குள் புரதத்தை உடைக்கும் லைசோசோமும் புரோட்டியசோமும் வேகமெடுக்கும். வானவில் டிரவுட் மீனின் தசைச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தவர்கள் கண்டதும் இதுதான். அமினோ அமிலத்தை எடுத்துவிட்டால் சிதைவு கூடுகிறது, திருப்பிக் கொடுத்தால் தணிகிறது.

தராசு இதை உடனே காட்டாது. புரதம் கரைந்த இடத்தில் தண்ணீர் ஏறிக்கொள்வதால் எடை அந்த அளவுக்கு இறங்காது, சதை மட்டும் தளர்ந்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை வீச்சு வலை போட்டுப் பத்து மீனையாவது கையில் எடுத்துப் பாருங்கள். தலை பெரிதாகத் தெரிந்து முதுகு ஒட்டிப்போயிருந்தால் அந்தக் குளம் பட்டினியில் இருக்கிறது. குளிரில் மீனுக்குப் பசிக்காது என்பதை நம்பி இருக்க வேண்டாம். பனி நாட்டு நீரில் மீனின் உடல் மிக மெதுவாக ஓடும், அது வாரக்கணக்கில் தாங்கும். நம் சமவெளிக் குளம் மார்கழியிலும் அவ்வளவு குளிர்வதில்லை. உடல் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

அளவு இப்படி: குளத்தில் 1,000 மீன், சராசரி அரைக் கிலோ என்றால் மொத்தம் 500 கிலோ. 2 சதவீதக் கணக்கில் நாளுக்கு 10 கிலோ தீனி. பாதி தவிடு, பாதி கடலைப் புண்ணாக்கு. விலைக்குப் பயந்து முதலில் புண்ணாக்கைத்தான் நிறுத்துகிறோம். சதையைக் காப்பது அதுதானே! தவிட்டில் புரதம் சுமார் 12 சதவீதம், புண்ணாக்கில் 40 வரை போகும். தவிட்டை மட்டும் போட்டால் வயிறு நிறையும், அமினோ அமிலம் போதாது. மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த புண்ணாக்கை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள், நஞ்சு அது. மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்தி, பலகை மேல் அடுக்குங்கள்.

கையில் பணம் உண்மையிலேயே இல்லையா? தீனியைக் குறைக்காதீர்கள், மீனைக் குறையுங்கள். பெரிய மீன்களை இப்போதைய விலைக்கே பிடித்து விற்றுவிட்டு, மிச்சத்துக்கு வயிறாரப் போடுங்கள். எல்லாவற்றையும் அரைவயிற்றில் தைக்குக் கொண்டுபோவதைவிட இது எனக்கு எவ்வளவோ மேலாகப் படுகிறது.

தீனியை நிறுத்த வேண்டிய நாட்களும் உண்டு. வானம் மூடிக் கிடக்கும் நாளில் பாதி போதும். விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தால் அன்று தீனியே வேண்டாம். மோட்டார் போட்டுத் தண்ணீரைத் தெளித்து விழச் செய்யுங்கள். இப்படி ஓரிரு நாள் நிறுத்துவதால் கட்லாவின் முதுகு ஒட்டிவிடாது. குஞ்சுகளுக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு குறைவு, அவற்றின் குளத்தை முதலில் கவனியுங்கள்.

வெயில் வந்ததும் முழு அளவை ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம். பட்டினி கிடந்த மீன் வெறியோடு தின்னும், குளத்தில் ஆக்சிஜன் சரியும். பாதியில் தொடங்கி நாலைந்து நாளில் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். காலை வெயில் ஏறிய பிறகு, ஓட்டை போட்ட பைகளை மூங்கிலில் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் பையில் மிச்சமிருந்தால் மறுநாள் அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். தையில் பிடிப்பதற்கு முந்தைய ஒரு நாள் மட்டும், குடல் காலியாவதற்காக, தீனி போடாமல் விடலாம்.