பிடித்த பிடி

அன்புள்ள செல்விக்கு,

மெல்லிய புஷ்ஷைப் போரிங் செய்து, போர் டயலில் எந்தப் பக்கம் திருப்பி அளந்தாலும் ஒரே அளவு காட்டுகிறது, ஷாஃப்ட் மட்டும் நுழைய மறுக்கிறது என்று எழுதியிருந்தாய். டயல் மேல் பழி போடாதே. டூலும் சரிதான். கோளாறு சக்கை இறுக்கிய விதத்தில் இருக்கிறது.

மூணு ஜா சக் 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று இடத்தில் புஷ்ஷை அமுக்குகிறது. சுவர் மெலிசு என்றால் அந்த மூன்று இடமும் துளி உள்ளே வளையும். வளைந்த நிலையிலேயே நீ வட்டமாகக் கடைகிறாய். கழற்றியதும் உலோகம் பழையபடி விரிய, ஜா பட்ட இடங்களில் துளை வெளியே தள்ளி, நடுவே உள்ள இடங்களில் ஒடுங்கிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், ஒரு ஜாவுக்கு நேர் எதிரே இருப்பது இன்னொரு ஜா அல்ல, மற்ற இரண்டின் இடைவெளி. ஒரு பக்கம் கூடியதை எதிர்ப்பக்கம் கழித்துவிடும். இரண்டு முனையால் அளக்கும் டயலுக்கு இது தெரியவே தெரியாது. மூன்று முனை உள்ள மைக்ரோமீட்டரை விட்டு, 60 டிகிரி திருப்பிப் பார், குட்டு வெளிப்பட்டுவிடும்.

முரட்டு வெட்டுகளை இறுக்கமாகவே பிடித்து முடி. கடைசி வெட்டுக்கு முன் சக்கைத் தளர்த்தி, புஷ் நழுவாத அளவுக்கு மட்டும் மறுபடி பிடி. எண்ணிக்கை நிறைய என்றால் சாஃப்ட் ஜா மாட்டி, அதைப் புஷ்ஷின் வெளிவிட்டத்துக்கே கடைந்துகொள். அப்போது மூன்று புள்ளியில் குத்தாமல் சுற்றிலும் அணைத்துப் பிடிக்கும். சக் கீயில் பைப் மாட்டித் திருகச் சொல்லும் சீனியர்கள் எல்லாப் பட்டறையிலும் உண்டு. மரியாதையாகக் கேட்டுக்கொள், செய்யாதே.

அடுத்து மில்லிங்கில் போடப்போகிறார்களாமே. டி-ஸ்லாட்டில் போல்ட் போட்டுக் கிளாம்ப் பண்ணும்போது பலர் போல்ட்டை வாகான இடத்தில் போட்டுவிடுகிறார்கள். இரண்டு பேர் கழியில் சுமை தூக்கினால், சுமை யார் பக்கம் நெருங்கியிருக்கிறதோ அவர் தோளுக்குத்தான் பாரம். போல்ட்டும் அப்படித்தான், ஜாப்பை ஒட்டி இருக்கட்டும், ஸ்டெப் பிளாக் தள்ளி நிற்கட்டும். போல்ட்டிலிருந்து கிளாம்ப் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஜாப் இருந்தால், போல்ட்டின் விசையில் மூன்றில் இரண்டு பங்கு அதற்கு வரும். மாற்றி வைத்தாயோ, பிளாக்கைத்தான் பத்திரமாகப் பிடித்திருப்பாய். பிளாக் பக்கம் துளி உயரமாக இருக்கலாம், தாழக் கூடாது. தாழ்ந்தால் கிளாம்ப் ஜாப்பின் விளிம்பை மட்டும் கடிக்கும். அமுக்கும் இடத்துக்கு நேர் கீழே டேபிளோ பேக்கிங்கோ தாங்க வேண்டும். வெற்றிடத்தின் மேல் அமுக்கினால் புஷ் கதைதான், கழற்றியதும் தளம் தளமாக இருக்காது.

வைஸில் நகராத ஜாவைத்தான் நம்பு. ஏற்கெனவே மில் செய்த முகத்தை அதில் சேர்த்து வை. கட்டர் தள்ளுவதும் அதை நோக்கியே இருக்கட்டும். நகரும் ஜா இறுகும்போது சற்றே மேலெழுந்து ஜாப்பையும் தூக்கும். அதனால்தான் இறுக்கிய பிறகு செம்புச் சுத்தியலால் தட்டுகிறோம். தட்டியபின் அடியிலுள்ள பேரலல்களை விரலால் நகர்த்திப் பார். ஒன்று ஆடினாலும் ஜாப் இன்னும் உட்காரவில்லை. தளர்த்தி, சீவலைத் துடைத்து, மறுபடி கட்டு.

அன்புடன்,
மாமா