ஸ்குவாஷைக் காத்த பொடி சட்னியைக் கைவிட்டதேன்?

கோச்சடையில் எங்கள் தெருவில் ஓர் அம்மையார் இருக்கிறார். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர் திராட்சையை வாங்கி ஸ்குவாஷ் தயாரித்து விற்பார். ஒருநாள் காலை கையில் பொட்டலத்துடன் வந்தார். "சார், இந்தப் பொடி போட்ட ஸ்குவாஷ் மூணு மாசமா அப்படியே இருக்கு. தேங்காய்ச் சட்னியில ஒரு சிட்டிகை போட்டேன், சாயங்காலமே ஊசிப்போச்சு. பொடியில கலப்படமா?" என்று கேட்டார்.

பொட்டலத்தில் இருந்தது சோடியம் பென்சோயேட். பென்சாயிக் அமிலத்தின் சோடிய உப்பு. பௌதிகம் சொல்லிக் கொடுப்பவனிடம் ரசாயனக் கேள்வி! ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. நீங்களும் என்னோடு சேர்ந்து யோசியுங்கள்.

பென்சாயிக் அமிலம் நமக்குப் புதிதன்று. சுமத்ரா தீவிலிருந்து வரும் அசல் சாம்பிராணியை மெதுவாகச் சூடாக்கினால் எழும் ஆவி, குளிர்ந்த மூடியில் பட்டு வெள்ளை ஊசிகளாகப் படியும். பதங்கமாதல் என்று படித்திருக்கிறீர்களே, அதுதான். அந்த ஊசிகளே பென்சாயிக் அமிலம். இன்று ஆலைகளில் டொலுவீனைக் காற்றிலுள்ள ஆக்சிஜனால் ஆக்சிஜனேற்றம் செய்து இதைப் பெறுகிறார்கள்.

அமிலத்தையே போடாமல் உப்பை ஏன் போடுகிறோம்? அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் பென்சாயிக் அமிலம் ஏறத்தாழ 3.4 கிராம்தான் கரையும். உப்போ 500 கிராமுக்கு மேல் கரையும். இதை உங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே பார்க்கலாம். சோதனைக் குழாயில் உப்பைச் சிறிது நீரில் கரைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தெளிந்த கரைசலில் வெள்ளை வீழ்படிவு தோன்றும். உப்பு மீண்டும் அமிலமாகிவிட்டது.

திராட்சைச் சாற்றில் நடப்பதும் இதுவே. அளவு மிகக் குறைவாதலால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஈஸ்டையும் பூஞ்சையையும் தடுப்பது உப்பு அன்று, அயனியாகப் பிரியாத அமில மூலக்கூறு. நுண்ணுயிரின் மேலுறை கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு. மின்னூட்டம் பெற்ற பென்சோயேட் அயனியால் அதை எளிதில் ஊடுருவ முடியாது. மின்னூட்டமற்ற அமில மூலக்கூறு நழுவி உள்ளே போய்விடும். செல்லின் உள்ளே அமிலத்தன்மை குறைவு. ஆகவே அங்கே போனதும் அது பிரிந்து ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. அந்த அயனிகளை வெளியே தள்ளித் தள்ளியே செல் தன் ஆற்றலையெல்லாம் இழக்கிறது. வளர்ச்சி நின்று போகிறது.

சரி, எத்தனை மூலக்கூறுகள் பிரியாமல் இருக்கும்? அதைத் தீர்மானிப்பது பி.எச். மதிப்பு. பி.எச். 4.2 ஆக இருந்தால் சரிபாதி. 3.2 என்றால் நூற்றுக்கு 91. திராட்சைச் சாறு ஏறக்குறைய இந்த நிலையில் இருப்பது. 5.2 என்றால் நூற்றுக்கு 9, 6.2 என்றால் நூற்றுக்கு ஒன்றே ஒன்று! புளியோ தயிரோ சேராத தேங்காய்ச் சட்னி இந்தப் பக்கம்தான் இருக்கிறது. பொடி முழுவதும் அயனியாகச் சும்மா மிதந்துகொண்டிருக்க, நுண்ணுயிர்கள் சட்னியை விருந்தாக்கிக்கொண்டன. பொடியில் கலப்படம் ஏதுமில்லை.

"அப்போ இன்னும் ரெண்டு சிட்டிகை போட்டா?" என்றார் அம்மையார். கூடாது. சட்னிக்கு இது தேவையுமில்லை. அன்றன்று அரைத்துக்கொள்வதே சரி. ஸ்குவாஷுக்கும் அளவு உண்டு. இந்திய விதிகளில் நெடுங்காலமாக உள்ள உச்ச அளவு, பென்சாயிக் அமிலமாகக் கணக்கிட்டால், பத்து லட்சத்தில் 600 பங்கு. லிட்டருக்கு ஏறத்தாழ 600 மில்லிகிராம். அமிலத்தின் மூலக்கூறு எடை 122, உப்பினுடையது 144. எனவே உப்பாக 708 மில்லிகிராம். சிட்டிகைக் கணக்கு இங்கே உதவாது. நகைக்கடைத் தராசு போன்ற ஒன்று வேண்டும்.

உடலுக்குக் கெடுதலா என்பீர்கள். நம் கல்லீரல் பென்சாயிக் அமிலத்தை கிளைசின் என்ற அமினோ அமிலத்துடன் இணைத்து ஹிப்யூரிக் அமிலமாக்கிவிடுகிறது. அது சிறுநீரில் வெளியேறும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்பது உலக நிபுணர் குழுவின் பழைய வரம்பு. 2021-இல் அதை 20 ஆக உயர்த்தினார்கள். பழைய வரம்பையே கொண்டு கணக்கிடுவோம். 40 கிலோ எடையுள்ள மாணவனுக்கு 200 மில்லிகிராம். ஒரு தம்ளரில் 50 மில்லிலிட்டர் ஸ்குவாஷ் ஊற்றி நீர் சேர்த்தால் உள்ளே போவது 30 மில்லிகிராம்.

எலுமிச்சை ஸ்குவாஷுக்கு மட்டும் இந்தப் பொடியைத் தவிர்க்கச் சொன்னேன். எலுமிச்சையில் வைட்டமின் சி உண்டு. வெப்பமும் வெளிச்சமும் பட்டால், அதுவும் செம்பு, இரும்பு அயனிகள் சிறிதளவு கலந்திருந்தால், வைட்டமின் சி-யும் பென்சோயேட்டும் சேர்ந்து மிகச் சிறிய அளவில் பென்சீனை உண்டாக்கக்கூடும். அது புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள். எலுமிச்சைக்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் இருக்கிறது. அது சாயத்தை வெளுக்கும் என்பதால்தான் கறுப்புத் திராட்சைக்கு அதைப் போடுவதில்லை.

அம்மையார் கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டார்: பொடியை நேரே சாற்றில் தூவினால் ஏன் சில சமயம் வெள்ளைத் துகள் மிதக்கிறது? மேலே சொன்ன சோதனைக் குழாயை நினைத்துப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். இப்போது அவர் பொடியை முதலில் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, சாற்றைக் கலக்கிக்கொண்டே ஊற்றுகிறார்.