திரும்பியதா, திருப்பினார்களா?

(தன்வினையும் பிறவினையும்)

மாணவர்களே, பின்வரும் இரண்டு தொடர்களையும் உரக்கப் படியுங்கள்.

1. வண்டி வலப்பக்கம் திரும்பியது.
2. ஓட்டுநர் வண்டியை வலப்பக்கம் திருப்பினார்.

இரண்டிலும் நிகழ்ச்சி ஒன்றே. ஆனால் முதல் தொடரில் வண்டி மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாம் தொடரில் அதனைத் திருப்பியவரும் தெரிகிறார். ‘ம்’ என்னும் ஓர் எழுத்து ‘ப்’ என மாறியதால் விளைந்த வேறுபாடு இது.

எழுவாய் தானே செய்யும் செயலைக் குறிப்பது தன்வினை. எழுவாய் பிறிதொன்றைச் செய்விப்பதைக் குறிப்பது பிறவினை. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ‘டர்ன்’ என்னும் ஒரே சொல் வரும். இந்தியில் ‘முட்னா’, ‘மோட்னா’ என உயிரொலி மாறும். தமிழில் பெரும்பாலும் மெய்யெழுத்து மாறும்.

மாறும் முறை

அ) மெல்லினம் வல்லினமாதல்
திரும்பு – திருப்பு
மடங்கு – மடக்கு
ஒதுங்கு – ஒதுக்கு
திருந்து – திருத்து

ஆ) வல்லினம் இரட்டித்தல்
மாறு – மாற்று
விலகு – விலக்கு
ஓடு – ஓட்டு

இ) பகுதி மாறாமல், காலங்காட்டும் இடத்தில் மட்டும் மாறுதல்
வளை: கிளை வளைந்தது – கம்பியை வளைத்தான்
சாய்: மரம் சாய்ந்தது – காற்று மரத்தைச் சாய்த்தது

நினைவில் கொள்க: இங்குள்ள பிறவினைகள் ‘எதை?’ என்னும் வினாவிற்கு விடை வேண்டி நிற்கும். வண்டியை, கம்பியை, மரத்தை என ‘ஐ’ உருபு ஏற்ற சொல் விடையாக வரும்.

ஓர் ஆற்றின் கதை

மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் பெரியாறு மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலக்கிறது. மலைக்குக் கிழக்கே உள்ள மதுரைப் பகுதியோ மழை குறைந்தது. அங்கே வைகை வறண்ட ஆண்டுகளில் பஞ்சம் வந்தது. ஆகவே, பெரியாற்றின் குறுக்கே அணை கட்டி, மலையைக் குடைந்து, நீரில் ஒரு பகுதியைக் கிழக்கே திருப்பத் திட்டமிட்டனர். 1887ஆம் ஆண்டு பணி தொடங்கியது. பொறியாளர் பென்னிகுக் அதற்குத் தலைமை தாங்கினார். சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கற்பொடியும் கலந்த காரையால் கல்லணை எழுந்தது. கட்டியதை வெள்ளம் அடித்துச் சென்றது, மீண்டும் கட்டினர். காட்டுக் காய்ச்சலால் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். 1895ஆம் ஆண்டு சுரங்கத்தின் வழியே நீர் கம்பம் பள்ளத்தாக்கிற்குள் இறங்கியது. இன்றும் அந்நீர் சுருளியாற்றின் வழியாக வைகையை அடைகிறது.

இந்நிகழ்ச்சியை மூன்று விதமாகக் கூறலாம்.

1. பெரியாற்று நீர் கிழக்கே திரும்பியது.
2. பெரியாற்று நீர் கிழக்கே திருப்பப்பட்டது.
3. பொறியாளரும் தொழிலாளரும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பினர்.

முதல் தொடரில் பிழை இல்லை. ஆயினும் அதனைப் படிப்பவர், நீர் தானே மலையைக் கடந்ததாக எண்ணக்கூடும். இரண்டாவது செயப்பாட்டு வினை. யாரோ திருப்பினர் என்பது புலனாகிறது, யார் என்பது புலனாகவில்லை. மூன்றாம் தொடரில்தான் உழைத்தவர்களும் உயிர் கொடுத்தவர்களும் இடம் பெறுகின்றனர். ஒருவர் செய்ததை எழுதும்போது தன்வினை போதுமா, பிறவினை வேண்டுமா என்று எண்ணிப் பார்த்து எழுதுங்கள். புகழாயினும் பழியாயினும் உரியவரைச் சேர்வது அந்த ஓர் எழுத்தைப் பொறுத்தது.

ஒன்றுபோல் தோன்றும் சொற்கள்

திருப்புதல் – திசையை வேறாக்குதல்.
மாற்றுதல் – ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தல், வேறு தன்மையாக்குதல்.
விலக்குதல் – வழியிலிருந்து அப்பால் நகர்த்துதல்.
மறித்தல் – மேலே செல்லவிடாமல் குறுக்கே நின்று தடுத்தல்.
மடைமாற்றுதல் – ஒரு வயலுக்குப் பாயும் நீரை வேறு வயலுக்குப் பாயச் செய்தல். ஒரு பணிக்கென ஒதுக்கிய பணத்தை வேறு பணிக்குச் செலவிடுவதையும் இச்சொல் குறிக்கும்.

கவனத்தைத் திருப்பு, கவனத்தைத் திசைதிருப்பு என்னும் இரண்டும் ஒன்றல்ல. ஆசிரியர் நம் கவனத்தைப் பாடத்தின் பக்கம் திருப்புகிறார். வெளியே ஒலிக்கும் மேளம் அதனைத் திசைதிருப்புகிறது.

பயிற்சி

அ) பொருத்தமான வினையால் நிரப்புக.
1. மூடுபனியால் தொடர்வண்டி அரைமணி நேரம் தாமதமாக ஊருக்குத் ______. (திரும்பியது / திருப்பியது)
2. நூலகத்தில் எடுத்த நூலைத் ______க் கொடுத்தேன். (திரும்பி / திருப்பி)
3. காவலர் கூட்டத்தை ______ வழி ஏற்படுத்தினார். (விலகி / விலக்கி)

ஆ) பிறவினைத் தொடராக மாற்றுக. செய்தவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுக.
1. சாலையில் கிடந்த மரம் ஓரமாக ஒதுங்கியது.
2. வாய்க்கால் நீர் வேறு வயலுக்கு மாறியது.

இ) உங்கள் குடும்பம் இந்நகருக்கு வந்த கதையைப் பெற்றோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக. “ஊர் மாறினோம்” என்று எழுதுவீர்களா, “பணி எங்களை ஊர் மாற்றியது” என்று எழுதுவீர்களா? நீங்கள் தேர்ந்த வினைக்குக் காரணம் கூறுக.