வெள்ளைக் கரை போட்ட இலை

உங்கள் வீட்டுப் பின்வளவில் மேப்பிள் மரம் நிற்கிறதா? அதன் நிழலில் புல் நன்றாக வளராது. அங்கே ஹோஸ்டாவை நட்டுப் பாருங்கள்.

ஹோஸ்டா சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளிலிருந்து வந்த செடி. கனடாவின் குளிரையும் தாங்கும். ‘பேட்ரியட்’ என்ற வகையின் இலை நடுவில் கரும்பச்சை, ஓரத்தில் வெள்ளை. சேலைக்குக் கரை போட்டதுபோல இருக்கும்.

“அம்மம்மா, ஓரம் ஏன் வெள்ளையா இருக்கு?”

“அங்க பச்சையம் இல்லை, பிள்ளை. பச்சையம் இருந்தாத்தான் இலை வெளிச்சத்தில சாப்பாடு செய்யும். பச்சைப் பகுதி சமைக்குது. வெள்ளைப் பகுதி வாங்கிச் சாப்பிடுது.”

கடும் வெயில் பட்டால் வெள்ளை ஓரம் கருகிவிடும். அதனால் காலை வெயில் மட்டும் படும் இடமே நல்லது.

எப்படி நடுவது?

1. வசந்த காலத்தில் அகலமான குழி தோண்டுங்கள். மண்ணுடன் கூட்டெரு கலவுங்கள்.
2. தொட்டியில் இருந்த அதே ஆழத்தில் செடியை நடுங்கள்.
3. காலையில் நீர் ஊற்றுங்கள். மர வேர்களும் நீரைக் குடிக்கும். ஆகவே மண்ணைக் காய விடாதீர்கள். இரவில் மண் ஈரமாக இருந்தால் ஓடில்லாத நத்தைகள் வந்து இலையைத் தின்னும்.

ஒருநாள் செடியின் நடுவே முழுப் பச்சை இலைகளோடு ஒரு கன்று வரலாம்.

“அம்மம்மா, இது நல்லா வளருதே! ஏன் தோண்டி எடுக்கிறீங்கள்?”

“இதின்ர இலை முழுக்கப் பச்சை. அதால கெதியா வளரும். விட்டா மற்றக் கன்றுகளை மூடிப்போடும். பிறகு வெள்ளைக் கரையைப் பார்க்கேலாது.”

அந்தக் கன்றை எறிய வேண்டாம். வேரோடு எடுத்து வேறோர் இடத்தில் நடுங்கள். அதுவும் ஹோஸ்டாதானே!

பனிக்காலத்துக்கு முன் இலைகள் எல்லாம் வாடி விழுந்துவிடும். “ஐயோ, செத்துப் போச்சு!” என்று தோண்டிப் பார்க்காதீர்கள். வேர் மண்ணுக்குள் உயிரோடு இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். வசந்தத்தில் குச்சியின் அருகே போய்ப் பாருங்கள். சுருட்டிய தாள்போலக் கூரான முளைகள் மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும்.

சொற்பொருள்

பின்வளவு – வீட்டின் பின்புற நிலம்
கூட்டெரு – இலை, குப்பை மக்கிய உரம்
கெதியா – விரைவாக
பார்க்கேலாது – பார்க்க முடியாது

பயிற்சி

1. வெள்ளை ஓரத்துக்கு உணவு எங்கிருந்து கிடைக்கிறது?
2. முழுப் பச்சைக் கன்றை ஏன் பிரித்து நட வேண்டும்?
3. அம்மம்மா பேசியதை எழுத்துத் தமிழில் எழுதுக.