அடுக்கலும் எடுத்தலும்

மாணவர்களே! மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்குகளை நீங்கள் நாள்தோறும் கடந்து செல்கிறீர்கள். அவற்றின் அமைப்பை உற்று நோக்கியதுண்டா? காயற்கரையில் உள்ளவற்றுள் பல, குறுகிய முகப்பும் நீண்ட உட்புறமும் உடையவை. ஒரு வாயில் தெருவை நோக்கும். மற்றொன்று நீரை நோக்கும். வள்ளத்தில் வந்த மூட்டைகள் நீர்ப்பக்கம் நுழைந்து தெருப்பக்கம் வெளியேறலாம். எனவே, முதலில் வந்த சரக்கை முதலில் அனுப்ப இயலும். ஒரே வாயில் உள்ள அறையிலோ, முதலில் வந்தது உள்ளே மறைந்துபோகும். மழைக்காலத்தில் அவ்வாறு மறைந்த மிளகில் பூசணம் பிடித்தால் வணிகருக்குப் பேரிழப்பு.

(‘கோடவுன்’ என்னும் சொல்லே தமிழ்க் ‘கிடங்கு’, தெலுங்குக் ‘கிட்டங்கி’ ஆகியவற்றின் வழிவந்து, மலாய் மொழியில் உலவித் திரும்பியது என்று கருதுவோர் உளர்.)

கிடங்கில் இரண்டு தேவைகள் ஒன்றோடொன்று மோதும். இடம் வீணாகாமல் நெருக்கி அடுக்க வேண்டும். வேண்டியதை விரைந்து எடுக்கவும் வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள். வெவ்வேறு வணிகருடைய ஐந்து மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. மேல் மூட்டையை எடுக்க எதையும் நகர்த்த வேண்டுவதில்லை. அடி மூட்டைக்கு நான்கை நகர்த்த வேண்டும். எம்மூட்டையும் ஒரே அளவில் கேட்கப்படும் எனின், சராசரி இரண்டு. அடுக்கைப் பத்தாக உயர்த்தினால் சராசரி நாலரை. கொள்ளளவு இருமடங்கு ஆயிற்று. வீண் உழைப்போ இருமடங்கினும் மிகுந்தது. 2011இல் திறக்கப்பட்ட வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்திலும் இதே சிக்கல் உண்டு. முதலில் கப்பலேற வேண்டிய பெட்டகம் அடியில் அகப்பட்டுக்கொண்டால், மேலுள்ளவற்றை இறக்கியே ஆக வேண்டும்.

தானியங்கிக் கிடங்குகள் இம்மோதலைப் பல வழிகளில் தணிக்கின்றன. ஆள் ஓட்டும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி திரும்புவதற்கு அகன்ற இடைவழி வேண்டும். தண்டவாளத்தில் ஓடும் உயர்ந்த பாரந்தூக்கிக்குத் திரும்பும் தேவையே இல்லை. ஆகவே ஒடுங்கிய வழி போதும். அது முன்னே ஓடிக்கொண்டே மேலும் ஏறும். ஓடுவதற்கு 20 நொடியும் ஏறுவதற்கு 12 நொடியும் ஆகுமெனில், பெட்டியை அடைய 32 நொடி ஆகாது. 20 நொடியே ஆகும். போகும்போது ஒரு பெட்டியை வைத்து, வரும்போது மற்றொன்றை எடுத்துவந்தால் வெறுங்கையோடு செல்லும் பயணமும் குறையும்.

நார்வேயில் தோன்றிய ஆட்டோஸ்டோர் முறையில் பெட்டிகளுக்கு இடையே நடைவழியே இல்லை. நெருங்கி நிற்கும் அடுக்குகளின் மேற்பரப்பில் சிறு இயந்திரங்கள் ஓடி, கீழுள்ள பெட்டியைத் தோண்டி எடுக்கின்றன. அடிக்கடி கேட்கப்படும் பெட்டி மேலேயே தங்கும். எவரும் கேளாதது மெல்ல அடிக்குச் செல்லும். அதனால் நாம் மேலே கண்ட சராசரியைவிடக் குறைந்த உழைப்பே ஆகிறது.

எனினும், என்னை வியப்பில் ஆழ்த்துவது இயந்திரத்தின் கையைவிட அதன் நினைவே. நம் மாணவர் ஒருவரின் தாத்தா நாற்பது ஆண்டுகள் இத்தெருவில் மூட்டை சுமந்தவர். எவருடைய சரக்கு எம்மூலையில் உள்ளது என்பதைப் பதிவேடு பாராமலே சொல்வார். அந்நினைவு தவறாதிருக்க ஒவ்வொரு வணிகருக்கும் ஓரிடம் நிலையாக இருந்தது. அவர் சரக்கு வராத நாளில் அது வெற்றிடமாகவே கிடந்தது. கணினிக்கு அத்தகைய நிலையிடம் வேண்டுவதில்லை. எந்த வெற்றிடத்திலும் எதையும் வைத்து, இட எண்ணைக் குறித்துக்கொள்ளும். அதே கட்டடம் கூடுதல் சரக்கைக் கொள்ளும். ஃபோர்ட் கொச்சித் தோபி கானாவில் நம்மவர் துணிகளில் இடும் குறியை நினைத்துப் பாருங்கள். எத்தனை வீட்டுத் துணிகள் கலந்தாலும் அக்குறி பிரித்துக் கொடுத்துவிடும்.

இதைத் தாத்தாவிடம் விளக்கினேன். “எண்ணைத் தப்பாப் பதிஞ்சிட்டா எங்க போய்த் தேடுவீங்க, டீச்சரம்மா?” என்று கேட்டார். சரியான கேள்வி. பதிவு பிழைத்தால், ஆயிரம் பெட்டிகளுக்கு நடுவே அந்த ஒன்று இருந்தும் இல்லாததே. எனவேதான், சரக்கை அவ்வப்போது எண்ணிச் சரிபார்க்கும் வேலை இன்றும் தொடர்கிறது. பிறகு, தம் பிடரியில் காய்த்திருந்த தழும்பைத் தடவியவாறு, “பாரம் கொறஞ்சா நல்லதுதான். கூலியும் கொறையுமே” என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

அவர் பேரன் இப்போது கணினி கற்கிறான். தாத்தாவின் நினைவில் உள்ள கிடங்கை, மூலை மூலையாகக் கேட்டு வரைந்து வருமாறு அவனிடம் கூறியிருக்கிறேன்.

பயிற்சி

1. எட்டு மூட்டைகள் கொண்ட அடுக்கில், ஒரு மூட்டையை எடுக்கச் சராசரியாக எத்தனை மூட்டைகளை நகர்த்த வேண்டும்?

2. இரு வாயில் உள்ள கிடங்கு மிளகு வணிகத்திற்கு ஏற்றதாவது ஏன்?

3. பிரித்து எழுதுக: காயற்கரை, வெற்றிடம்.

4. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் தம் தொழிற்பொருள்களை எவ்வாறு அடுக்கி வைப்பார், எவ்வாறு தேடி எடுப்பார் என்பதைக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.