100 பவுண்டு சம்பாதித்தால் கையில் நிற்பது 32: சோம்பேறித்தனமா, கணக்கா?

"கவர்மென்ட் சும்மா காசு கொடுத்தா எவன் வேலைக்குப் போவான்?" இந்த டயலாக்கை டீ பிரேக்கில் கண்டிப்பா கேட்டிருப்பீங்க. பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு போடுவோம். இங்கிலாந்தில் இருக்கும் யுனிவர்சல் கிரெடிட் திட்டத்தை எடுத்துக்குவோம்.

வேலை இல்லாதவர்களுக்கும் குறைந்த சம்பளக்காரர்களுக்கும் அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை இது. சம்பளம் ஏற ஏற தொகை குறையும். குழந்தை இருப்பவர்களுக்கும், உடல்நிலை காரணமா அதிகம் வேலை செய்ய முடியாதவர்களுக்கும் ஓரளவு சம்பளம் வரை பிடித்தம் கிடையாது. அதுக்கு மேல், வரி போக வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் உதவித்தொகையில் குறையும். 2021 கடைசியில் குறைக்கும் வரை இது 63 பென்ஸ்!

தனியா குழந்தை வளர்க்கும் ஒரு அம்மாவை வைத்துப் பார்ப்போம். ஆண்டுச் சம்பளம் 12,570 பவுண்டைத் தாண்டிட்டதால் வரி உண்டு. கூடுதலா ஒரு நாள் வேலை செய்து 100 பவுண்டு சம்பாதிக்கிறார்.

• வருமான வரி 20%: 20 பவுண்டு
• நேஷனல் இன்சூரன்ஸ் 8%: 8 பவுண்டு
• மீதி 72-ல் 55%, உதவித்தொகை குறைவது: 39.60 பவுண்டு
• கையில் நிற்பது: 32.40 பவுண்டு

2025 ஏப்ரலில் அங்கே 21 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டா இருந்தது. அப்படின்னா 100 பவுண்டு என்பது சுமார் 8 மணி நேர உழைப்பு. உண்மையில் கிடைத்தது மணிக்கு 4 பவுண்டுதான். பஸ் செலவும் அதிலேதான். குழந்தைக் காப்பகக் கட்டணத்தில் 85% வரை திரும்பக் கிடைக்கும். ஆனா பொதுவா முதல்ல கட்டிட்டுத்தான் கேட்கணும். கையில் காசே இல்லாதவர் எதை வைத்துக் கட்டுவார்?

அதே நாட்டில் ஆண்டுக்கு 1,25,140 பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பவருக்கு அடுத்த 100-ல் வரி 45, இன்சூரன்ஸ் 2. கையில் 53 நிற்கும்!

இப்படி, அடுத்து வரும் ஒவ்வொரு ரூபாயிலும் எவ்வளவு போகுது என்பதுதான் மார்ஜினல் ரேட். நாம 30% ஸ்லாபுக்கே புலம்புறோம். அந்த அம்மாவுக்கு அது 67.6%. அவர் கூடுதல் ஷிஃப்டுக்கு யோசித்தால் அது சோம்பேறித்தனம் இல்லை, கணக்கு.

உங்களுக்கும் இதே பாடம்தான். புது ஆஃபர் வந்தா சம்பளம் எவ்வளவு ஏறுதுன்னு மட்டும் பார்க்காதீங்க. வரி, வாடகை, பயணம் எல்லாம் போக அந்த உயர்வில் கையில் எவ்வளவு நிற்குதுன்னு பாருங்க.