எஞ்சின் எண்ணெய் மாற்றுங் காலம்

நம் கல்லூரி வாயிலில் நாடோறும் காலையில் வந்து நிற்கும் மோட்டார் சைக்கிள்களையும் கார்களையும் நோக்குவார்க்கு, கோயம்புத்தூரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் எத்துணையளவு மோட்டாரை நம்பி வாழ்கின்றன என்பது எளிதில் விளங்கும். சூலூரிலிருந்தும், அன்னூரிலிருந்தும், கிணத்துக்கடவிலிருந்தும் மாணவர் பலர் தம் வண்டிகளிலேயே வருகின்றனர். இவர்களிடம் பெட்ரோலின் இன்றைய விலை யாது என்று வினவினால் உடனே விடை கிடைக்கும். எஞ்சினில் எண்ணெயை இறுதியாக மாற்றியது எப்பொழுது என்று வினவினாலோ, பெரும்பாலும் மௌனமே விடையாகும். சிலர் 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பர். சிலர் 5,000 என்பர். வேறு சிலர், மெக்கானிக் சொல்லும்பொழுது மாற்றுவோம் என்பர். இவற்றுள் எது கொள்ளத்தக்கது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணெயின் தொழில்

கொங்கு நாட்டு உழவர்க்கு மசகு என்பது புதிய பொருளன்று. மாட்டுவண்டியின் அச்சுக்கும் சக்கரத்தின் குடத்துக்கும் இடையே, ஆமணக்கெண்ணெயில் வைக்கோற் கரியைக் குழைத்துச் செய்த வண்டிமையை நம் முன்னோர் இட்டு வந்தனர். மை வற்றிய வண்டி ஓலமிடும். அவ்வோலியைக் கேட்டவுடன் வண்டிக்காரர் இறங்கி மை இடுவார். மோட்டார் எஞ்சினிலும் இரும்போடு இரும்பு உரசாமற் காப்பதே எண்ணெயின் முதற்றொழில். ஆயினும் அஃது ஒன்றே அதன் தொழிலன்று. பிஸ்டன் முதலிய உறுப்புக்களின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வருதல், எரிதலால் உண்டாகும் கரியையும் உலோகத் துகளையும் தன்னுள் ஏந்திக்கொள்ளுதல், பிஸ்டன் வளையங்களுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை அடைத்தல், துருப்பிடியாமற் காத்தல் ஆகிய நான்கும் அதன் கடமைகளே. மாட்டுவண்டி ஓலமிட்டு நம்மை அழைக்கும். எஞ்சினோ, பெரும்பாலும் பழுது முற்றிய பின்னரே ஓலமிடும். இவ்வேறுபாட்டை மாணவர் மனத்திற் கொள்ளவேண்டும்.

பழைய முறை

எண்ணெய் மாற்றுதல் என்னும் வழக்கம் மோட்டார் தோன்றிய நாள்தொட்டே இருந்ததன்று. சூலூரையடுத்த கலங்கலில் 1893ஆம் ஆண்டு பிறந்த கோ. து. நாயுடு அவர்கள், இளமையில் வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஒருவர் ஏறிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, பின்னர்க் கோவையில் உணவுச்சாலை ஒன்றிற் பணிபுரிந்து பொருள் சேர்த்து, அத்தகைய வண்டியை விலைக்கு வாங்கி, உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்த்து மோட்டார் நுட்பம் பயின்ற வரலாறு நம்மில் யாவரும் அறிந்ததே. 1920ஆம் ஆண்டில் அவர் ஒரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கினார். அவர் கற்றுத் தேர்ந்த அக்காலத்து மோட்டார் சைக்கிள்களில், எண்ணெய் சுழன்று மீண்டும் தொட்டிக்குத் திரும்புவதில்லை. ஓட்டுபவரே சில மைல்களுக்கு ஒருமுறை கைப்பம்பை அழுத்தி எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டுவார். அஃது எரிந்தும் ஒழுகியும் போய்விடும். எனவே அவ்வண்டிகளுக்கு எண்ணெய் ஊட்டுங் காலம் உண்டேயன்றி, மாற்றுங் காலம் என்பது இல்லை. அந்நாளில் ஆமணக்கெண்ணெயும் எஞ்சினுக்குப் பயன்பட்டது. இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நிறுவனத்தார் தாம் செய்த எண்ணெய்க்கு 1909ஆம் ஆண்டில், ஆமணக்கைக் குறிக்கும் காஸ்டர் என்னும் சொல்லினின்றே காஸ்ட்ரால் எனப் பெயரிட்டனர்.

பிற்காலத்தில் எண்ணெயை எஞ்சினின் அடியில் தேக்கி, பம்பினால் மேலேற்றி, மீண்டும் வடியச் செய்யும் முறை பரவியது. ஒரே எண்ணெய் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உழைக்கத் தொடங்கிற்று. உழைக்கும் பொருள் தேயும் அன்றோ? மாற்றவேண்டிய தேவை அங்குதான் பிறந்தது.

எண்ணெய் கெடுதற்குக் காரணங்கள்

எஞ்சின் எண்ணெய் என்பது அடிப்படை எண்ணெயும் பல துணைப்பொருள்களும் சேர்ந்த கலவையாகும். அழுக்கைக் கழுவுவன, கழுவிய அழுக்கைத் திரளவிடாமற் கலைத்து வைப்பன, தேய்மானத்தைத் தடுப்பன, வெப்பத்தில் எண்ணெய் மிக நீர்த்துப்போகாமற் காப்பன எனத் துணைப்பொருள்கள் பலவகைப்படும். நாளடைவில் இவை செலவழிந்துபோகின்றன. வெப்பமும் காற்றும் சேர்ந்து எண்ணெயைத் தடிக்கச் செய்கின்றன. எரிதலால் உண்டாகும் நீராவியும் அமிலமும், எரியாத பெட்ரோலும் அதனுட் கலக்கின்றன. ஓடாது நிற்கும் வண்டியிலும் ஈரமும் அமிலமும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஆதலால் ஓடிய தொலைவு, கழிந்த காலம் என்னும் இரண்டு அளவைகளையும் கொள்ளவேண்டும். இவற்றுள் எது முந்துகின்றதோ அதுவே எண்ணெய் மாற்றுங் காலமாகும்.

ஈண்டு ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் வேண்டும். எண்ணெய் கறுத்துவிட்டது, ஆகவே கெட்டுவிட்டது என்று பலர் கருதுகின்றனர். கரியை ஏந்திக்கொள்வது எண்ணெயின் கடமையாகலின், கறுத்தல் அது கடமையைச் செய்கின்றது என்பதற்கும் அடையாளமாகும். நிறம் ஒன்றையே கொண்டு முடிவு செய்தல் தகாது. பால்போல் வெளுத்துக் குழம்பியிருப்பின் நீர் கலந்தது என்றறிக. பெட்ரோல் மணம் மிகுந்திருப்பினும், விரலிடைத் தேய்க்கும்போது மணல்போல் நெருடினும் உடனே பணிமனைக்குச் செல்க.

எத்தனை கிலோமீட்டர்?

வண்டியைச் செய்தோர் தரும் கையேடே இதற்கு முதல் நூல். இக்காலத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றிற்கு 3,000 முதல் 6,000 கிலோமீட்டர் வரையும், சிலவற்றிற்கு 10,000 வரையும் எல்லை குறிக்கப்பட்டுள்ளது. பெட்ரோல் கார்கள் பலவற்றிற்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம் என்பது வழக்கு. புதிய எஞ்சினில் உறுப்புக்கள் ஒன்றோடொன்று பொருந்தும்போது உலோகத் துகள்கள் உதிர்வதால், மோட்டார் சைக்கிள்களில் முதல் மாற்றத்தை 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள்ளேயே செய்தல் வழக்கம்.

சூலூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் போகவரச் சற்றேறக்குறைய 40 கிலோமீட்டர் ஓட்டுகின்றார் எனக் கொள்வோம். மாதத்திற்கு 25 நாள் வரின் 1,000 கிலோமீட்டர் ஆகும். 3,000 எல்லை மூன்றே மாதத்தில் வந்துவிடும். மற்றோர் ஆசிரியர், கல்லூரிக்கு இரண்டு கிலோமீட்டர் தொலைவிலிருந்து காரில் வருகின்றார். ஓராண்டில் அவர் கார் 1,500 கிலோமீட்டர் ஓடுவதும் அரிது. அவர் 10,000 ஆகட்டும் என்று காத்திருப்பாராயின் ஆறாண்டு கழியும். எண்ணெயோ அதற்கு நெடுநாள் முன்னரே கெட்டிருக்கும். எஞ்சின் நன்கு சூடேறுமுன்னரே நின்றுவிடுவதால், உள்ளே தங்கிய நீரும் பெட்ரோலும் ஆவியாகப் போக வழியில்லை. ஆகவே குறைய ஓடும் அவர் வண்டியே எண்ணெய்க்குக் கொடியது.

குறுந்தொலைவு ஓட்டம், புழுதி, மிகுந்த பாரம், மலையேற்றம், நெரிசலில் நின்று நின்று செல்லுதல் ஆகியவற்றைக் கடுமையான பயன்பாடு எனப் பல கையேடுகள் பிரித்துக் கூறி, அவற்றிற்குக் குறைந்த எல்லையை வகுத்துள்ளன. நம் நாட்டில் இவை யாவும் உண்டு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றில் எழும் புழுதியை நாம் அறிவோம். காந்திபுரத்தின் மாலை நேரத்து நெரிசலும் நாம் அறியாததன்று. கையேட்டில் கடுமையான பயன்பாட்டிற்கென ஓர் எல்லை இருப்பின் அதனையே கைக்கொள்க. இல்லையேல், பொது எல்லைக்கு மூன்றில் ஒரு பங்கு முந்தியே மாற்றுதல் நலம் என்பது நம் கருத்து.

மோட்டார் சைக்கிளும் காரும்

காரில் கியர்ப் பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு. மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கிளட்ச், கியர் ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயிற் குளிக்கின்றன. கியர்ப் பற்களிடையே நசுங்கி எண்ணெயின் தடிப்புக் குறைகின்றது. காரின் எஞ்சின் மூன்று அல்லது நான்கு லிட்டர் கொள்ள, சிறிய மோட்டார் சைக்கிள் ஒரு லிட்டரளவே கொள்ளும். குறைந்த எண்ணெய் மிகுந்த வேலை செய்வதால் அதற்கு எல்லையும் குறுகியது. கார் எண்ணெய் சிலவற்றில் உராய்வை மிகக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. அவற்றை மோட்டார் சைக்கிளில் இட்டால் கிளட்ச் வழுக்கக்கூடும். இது கருதியே ஜப்பானியர் 1998ஆம் ஆண்டில் ஜாசோ என்னும் தர அளவையை மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கு வகுத்தனர். நனைந்த கிளட்ச் உடைய வண்டிக்கு ஜாசோ எம்.ஏ. என்னுங் குறி தேடுக. 20டபிள்யூ-40, 10டபிள்யூ-30 என்னும் எண்களுள் முன்னது குளிரில் எண்ணெய் ஓடுந் திறத்தையும், பின்னது எஞ்சின் சூடேறியபோது அதன் தடிப்பையும் குறிக்கும். தடித்த எண்ணெயே சிறந்தது என்னும் எண்ணம் பிழை. கையேடு கூறும் எண்ணே கொள்ளத்தக்கது.

நமக்கு நேர்ந்த ஒரு பாடம்

அன்னூர்ப் பக்கத்தில் நம் உறவினர் ஒருவர் உளர். நமக்குச் சிற்றப்பா முறையினர். இருபது ஆண்டுகள் பழைய டூ-ஸ்ட்ரோக் மொபெட்டில் பால் கொண்டுசென்று விற்றவர். அவ்வகை எஞ்சினில் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றுவர். அது பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். வடித்து மாற்றும் வேலை எஞ்சினுக்கு இல்லை. பின்னர் அவர் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி ஒன்று வாங்கினார். “இதற்குப் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டியதே இல்லையப்பா, அந்தச் செலவு மிச்சம்” என்று நம்மிடம் மகிழ்ந்து கூறினார். நாமும் தலையசைத்தோம். எண்ணெய் வேறிடத்தில் இருக்கின்றது, அதனைப் பார்த்து மாற்றவேண்டும் என்று ஒரு சொல் கூறினோமல்லோம். அவர் அறிந்திருப்பார் என்று நாம் எண்ணினோம்; வேண்டுமாயின் நாம் கூறுவோம் என்று அவர் எண்ணியிருப்பார்.

ஒன்றரை ஆண்டு கழிந்தது. ஒருநாள் விடியலில், இருபுறமும் பாற்கேன்கள் தொங்க, நடுவழியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பணிமனையில் திறந்து பார்த்தபோது, அடியில் தார்போன்ற பிசின் சிறிதே எஞ்சியிருந்தது. பிஸ்டனும் சிலிண்டரும் கிராங்கும் போயின. அவர் மகளின் கல்விக் கட்டணத்திற்கென ஒதுக்கிய பணம் பணிமனைக்குச் சென்றது; அப்பெண் அப்பருவத் தேர்வுக்குக் கட்டணம் செலுத்தக் கடன் வாங்க நேர்ந்தது. அவர் எவரையும் நோகவில்லை. “எனக்கு யார் சொன்னாங்க?” என்று மட்டும் கேட்டார். அக்கேள்வி நம்மை நோக்கியதென்றே நாம் இன்றும் கருதுகின்றோம். இக்கட்டுரை எழுதப்பட்டதற்கும் அதுவே காரணம்.

செய்ம்முறை

வாரம் ஒருமுறை, வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, எஞ்சின் நின்ற சில நிமிடங்கள் கழித்து அளவுகோலை எடுத்துத் துடைத்து எண்ணெய் மட்டத்தைப் பார்க்க. இரு குறிகளுக்கும் இடையே இருத்தல் வேண்டும். குறைவது மட்டுமன்று, மிகுவதும் தீங்கே. எண்ணெயை மாற்றும்போது எஞ்சின் சற்றே சூடாக இருப்பின் அழுக்கோடு எளிதில் வடியும். கையேடு கூறுமிடத்து வடிகட்டியையும் உடன் மாற்றுக. பழைய வடிகட்டியின் அழுக்குப் புதிய எண்ணெயைக் கெடுக்கும். மாற்றிய நாளையும், வண்டி ஓடிய கிலோமீட்டரையும், எண்ணெயின் எண்ணையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைக்க.

வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றுதல் கூடாது. ஒரே ஒரு மாற்றத்தில் வடியும் எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கூறுகின்றது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றி நம் நகரின் குளங்களை நிரப்பிச் செல்லும் நொய்யல் ஏற்கெனவே பட்ட துன்பம் போதும். பழைய எண்ணெயை மூடிய கலத்திற் சேர்த்து, முறையாகத் திரட்டி மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பணிமனையில் ஒப்படைக்க.

முடிவுரை

எண்ணெய் மாற்றுங் காலம் யாது என்னும் வினாவிற்கு எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஓர் எண் இல்லை. கையேட்டின் எல்லை, கழிந்த காலம், வண்டி படும் பாடு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவர்க்கே விடை கிடைக்கும். மாணவர்காள்! விடுமுறையில் ஊர் செல்லும்போது, உங்கள் வீட்டு வண்டியின் அளவுகோலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இறுதியாக எண்ணெய் மாற்றியது எப்பொழுது என்று தந்தையாரையோ மாமாவையோ கேளுங்கள். அவர்கள் அறிந்திருப்பார்கள் என்று எண்ணி வாளா இருந்துவிடாதீர்கள்.